விரதமும் தண்டனைச் சட்டமும்: சமயச் சுதந்திரம், தன்பாலீர்ப்பாளர் உரிமை பற்றிய ஒரு மதிப்பீடு

சமயச் சுதந்திரம் என்பது ஒருவர் தாம் ஏற்ற நம்பிக்கையின்படி வழிபடவும் ஒழுகவும் அதனைப் பிறருக்குப் போதிக்கவும் உள்ள உரிமையாகும். தன்பாலீர்ப்பாளர் உரிமை என்பது தம் பாலினத்தவர்மீதே காதல் கொள்வோர் அக்காரணம் பற்றித் தண்டிக்கப்படாமலும் ஒதுக்கப்படாமலும் வாழும் உரிமையாகும். சுதந்திர சமுதாயம் ஒன்று இவ்விரண்டையும் காக்கக் கடமைப்பட்டது என்பதைப் பலரும் ஏற்பர். ஒன்றன் எல்லை எங்கே முடிந்து மற்றதன் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதிலேயே பிணக்கு எழுகிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டத்தை ஏட்டில் வைத்துக்கொண்டே, அதன்கீழ்த் தண்டிப்பதை இயன்றவரை தவிர்ப்பது இப்பிணக்குக்கு இலங்கை கண்டிருக்கும் வழியாகும். கோயிலும் தாய்வழிக் குலமாகிய குடியும் ஊர்வாழ்வின் அச்சாக விளங்கும், மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் உள்ள பழுகாமத்தின் நிலையில் நின்று நோக்கும்போது இந்நடைமுறையின் நிறையும் குறையும் தெளிவாகப் புலப்படுகின்றன.

இச்சட்டத்தின் வேர் சைவத்திலோ பௌத்தத்திலோ இஸ்லாத்திலோ இல்லை. பிரித்தானிய ஆட்சியில் 1883ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறானது எனத் தான் கருதிய உடலுறவைப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆண்களை மட்டும் சுட்டிய 365அ பிரிவோ 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பெண்களையும் உள்ளடக்கிற்று. எனினும், சட்டம் அந்நியர் தந்தது என்று காட்டிவிடுவதால் விவாதம் முடிந்துவிடுவதில்லை. தன்பாலுறவைத் தம் சமயம் ஏற்கவில்லை என்று உண்மையாகவே நம்புவோர் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர்; அவர்களுடைய நம்பிக்கை காலனித்துவச் சட்டத்தின் நிழல் மட்டுமே என்று தள்ளிவிடுவது நேர்மையான திறனாய்வு ஆகாது.

ஏட்டில் மட்டும் வாழும் சட்டத்துக்குச் சார்பாகச் சில நியாயங்கள் கூறப்படலாம். சமயப் பிணக்குகள் எளிதில் இரத்தம் சிந்த வைக்கும் நாடொன்றில், 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் 2019இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வழிபட வந்தோர் கொல்லப்பட்ட வாவிக்கரையில், மதத் தலைவர்களை எதிர்நிறுத்தும் சீர்திருத்தத்தைத் தள்ளிப்போடுவது நிதானமாகத் தோன்றலாம். நீதித்துறையும் இப்போக்கின் மென்மையான முகத்தைக் காட்டியுள்ளது: 2016ஆம் ஆண்டு இச்சட்டத்தின்கீழான வழக்கொன்றில் உயர் நீதிமன்றம், இணங்கிய வயதுவந்தோரின் உறவில் அரசு தலையிடலாகாது என்ற தற்காலச் சிந்தனையைக் குறிப்பிட்டு, குற்றம் சட்டத்தில் நிலைத்திருப்பதையும் ஒப்புக்கொண்டு, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது.

ஆயினும் வழக்கில் இல்லாத சட்டம் வலுவிழந்த சட்டம் அன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தந்தையொருவரின் முறைப்பாட்டைத் தொடர்ந்து அக்கரைப்பற்று நீதவான் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்ட இரு பெண்கள் உளநலப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டுமெனப் பணிக்கப்பட்டது, அச்சட்டம் குடும்பத்தின் கையிலும் பொலிஸாரின் கையிலும் எவ்வாறு கருவியாகிறது என்பதை உணர்த்தும். தண்டனைத் தீர்ப்பு அரிதாகவே வழங்கப்பட்டாலும், முறைப்பாடு செய்வேன் என்ற அச்சுறுத்தல் என்றும் கைவசம் இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினராயிருந்த பிரேம்நாத் தொலவத்த முன்வைத்த தனி உறுப்பினர் சட்டமூலம் இந்நிலையை மாற்ற முனைந்தபோது, அது பௌத்தத்துக்கு முதன்மையிடம் தரும் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரைக்கு முரணானது என்பது உட்படப் பல ஆட்சேபங்கள் எழுந்தன. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட தீர்மானத்தில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்காமல், சாதாரணப் பெரும்பான்மையாலேயே சட்டமூலத்தை நிறைவேற்றலாம் என்றது. ஆனால் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலமும் காலாவதியாயிற்று.

இனி, சமயத்தின் தரப்பில் உள்ள வலுவான நியாயத்தைக் காணலாம். பழுகாமம் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பவர் விரதம் காக்க வேண்டும். மட்டக்களப்புக் கோயில்களில் திருவிழா உரிமைகள் தாய்வழி வரும் குடிகளுக்கிடையே பகிரப்படுகின்றன. வண்ணக்கர் எனப்படும் கோயில் நிருவாகிகள் மரபின்படி கடமையாற்றுகின்றனர். எந்த விரதம் யாருக்குரியது, எந்தச் சடங்கை எவர் நடத்தலாம் என்பதை அரசு தீர்மானிக்கத் தொடங்கினால் சமயச் சுதந்திரம் பெயரளவில் மட்டுமே எஞ்சும். ஆனால் அதே மரபு இன்னோர் உண்மையையும் தாங்கி நிற்கிறது: விரதம் அதனை ஏற்றவரை மட்டுமே கட்டும், தீமிதிக்காத அயலூராரை நோன்பிருக்கச் சொல்ல எந்த வண்ணக்கருக்கும் அதிகாரம் இல்லை. தண்டனைச் சட்டமோ ஏற்றோர், ஏற்காதோர் என்ற வேறுபாடின்றி அனைவரையும் கட்டுகிறது. ஆகவே, சமய ஒழுக்கத்தைக் காக்கத் தண்டனைச் சட்டத்தை நாடுவது சமயத்தின் இயல்புக்கே ஒவ்வாதது.

இவ்வாதத்துக்கும் ஒரு குறை உண்டு. விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்பது நகரத்தில் எளிது, படுவான்கரைச் சிற்றூரில் அரிது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகக் கைமாறும் சமூகத்தில் ஆணொருவரை மணக்க மறுக்கும் பெண் இழக்கக்கூடியது மதிப்பை மட்டுமன்று, கூரையையும்தான். எனவே தண்டனையை நீக்குவது தேவையானது எனினும் அது மட்டுமே போதுமானதன்று.

சமயத் தன்னாட்சிக்கு அரசு எல்லை வகுத்த முன்னுதாரணம் தமிழர் வரலாற்றிலேயே உண்டு. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் கோயில் நுழைவைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அச்சட்டத்துக்கு உயிரூட்டிற்று. இன்றைய அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை கடைக்கும் ஹோட்டலுக்கும் தம் சமய வழிபாட்டிடத்துக்கும் செல்லும் உரிமையைச் சாதி, பால் முதலிய காரணங்களால் மறுக்கலாகாது என்கிறது. இதிலிருந்து ஒரு தெளிவான வரம்பு கிடைக்கிறது. நுழைந்து கும்பிடும் உரிமை ஒன்று. தம் நம்பிக்கைக்கு மாறான சடங்கை நடத்தும்படி குருக்களையோ மௌலவியையோ பங்குத்தந்தையையோ வற்புறுத்தும் உரிமை வேறு. முன்னது காக்கப்பட வேண்டும். பின்னதை எவருக்கும் தரலாகாது. இங்கிலாந்து 2013இல் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தபோது எந்தச் சமய அமைப்பும் அதனை நடத்தக் கட்டாயப்படுத்தப்படாதவாறு சட்டத்திலேயே அரண் அமைத்தது. தென்னாபிரிக்காவோ அரசப் பதிவாளர்கள் அத்தகைய திருமணத்தை நடத்த மனச்சாட்சியின் பேரால் மறுக்க 2006இல் தந்த சலுகையை 2020இல் நீக்கிற்று. பூசகர் தம் நம்பிக்கைக்குப் பணிபுரிகிறார், பதிவாளர் எல்லாக் குடிமக்களுக்கும் பணிபுரிகிறார் என்பதே இவ்விரு முடிவுகளையும் இணைக்கும் நியாயம். மதச் சபைகள் நடத்தும் பாடசாலை, மருத்துவமனை ஆகியன இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. பொதுப்பணத்தைப் பெறும் அளவுக்கு அவை பொதுக்கடமையையும் ஏற்க வேண்டும் என்பது ஏற்கத்தக்க அளவுகோல்.

கிழக்கின் சிறுபான்மைச் சமயத்தவர் எண்ணிப் பார்க்க வேண்டிய வழக்கொன்று உண்டு. 2003ஆம் ஆண்டு, மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், கிறிஸ்தவத்தைப் பரப்புவது பௌத்தத்தின் இருப்பைப் பாதிக்கும் என்று கூறித் தடுத்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அதனைச் சமயச் சுதந்திர மீறலாகக் கண்டது. பெரும்பான்மையின் சமய உணர்வே சட்டத்தின் அளவுகோல் என ஏற்கப்படும் இடத்தில், இன்று தன்பாலீர்ப்பாளருக்கு எதிராக உயரும் வாதம் நாளை கன்னியர் மடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அம்மன் கோயிலுக்கும் எதிராக உயரலாம்.

ஆகவே இலங்கையின் நடைமுறை அமைதியின் தோற்றத்தைத் தருகிறதேயன்றி இரு சுதந்திரங்களில் எதனையும் முழுமையாகக் காக்கவில்லை. நடைமுறையிலுள்ள பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை கூறுவதால், இதனை நீதிமன்றம் தானே திருத்த இயலாது. 365ஆம் பிரிவை இணங்கிய வயதுவந்தோருக்குப் பொருந்தாதவாறு திருத்துவதும் 365அ பிரிவை நீக்குவதும், அவற்றோடு சமயச் சடங்குகளின் தன்னாட்சியை வெளிப்படையாக உறுதிசெய்வதும் பாராளுமன்றத்தின் கடமையாகும். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.