'எமெல்' காட்டிய வீடு

இங்கிலாந்து முஸ்லிம்களுக்கென எழுந்த ஏடுகளுள் பல, சமய விளக்கத்தையோ அரசியல் வாதத்தையோ சுமந்து வந்தவை. 1992இல் தோன்றிய 'கியூ நியூஸ்' இளைஞர்க்கேற்ற துடிப்புடையதெனினும் அதுவும் விவாத ஏடே. 2003இல் லண்டனில் பிறந்த 'எமெல்' வேறு வழி சென்றது. சமையல், தோட்டம், உடை, வீட்டு அலங்காரம், வட்டியில்லாக் கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றுக்கு அஃது இடம் தந்தது. பெயரும் பொருத்தமானது. 'முஸ்லிம் லைஃப்' என்பதன் முதலெழுத்துகளான எம், எல் இரண்டையும் சேர்த்தொலித்தால் எமெல். எதிர்கால நம்பிக்கையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் சாயலும் அதில் உண்டு. ஆசிரியர் சாரா ஜோசப், பதினாறாம் வயதில் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கில அம்மையார்.

2005 ஜூலை 7ஆம் நாள் லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின், அந்நாட்டு முஸ்லிம் ஒவ்வொருவரும் தம்மைப் பிறர்க்கு விளக்கியாக வேண்டிய நிலை வந்தது. அவ்வேளையில் ரோஜாச் செடியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நகைக்கலாம். நான் நகைக்க மாட்டேன். செடி நடுகிறவனாக, விருந்து சமைக்கிறவளாகத் தன்னை அச்சில் காண்பது எளிய உரிமை. அதுவும் கிட்டாதவர்க்கே அதன் அருமை தெரியும்.

எனக்குள்ள குறை வேறு. அவ்வேட்டின் வீட்டுப் பக்கங்களின் சாயல் வசதியுடையார் வீட்டுச் சாயலே. 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கோ, பிரிட்டனின் முஸ்லிம் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தேவைக்குக் குறைந்த அறைகளில் நெருங்கி வாழ்ந்ததாகக் கூறுகிறது. சொந்த வீட்டில் வாழ்ந்தோர் பாதியைச் சற்றே தாண்டினர்; எந்தச் சமயத்தாரைக் காட்டிலும் குறைவு.

என் வகுப்பில் ஒருமுறை 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். லயத்து வீட்டுப் பையனொருவன் மாடி, பூந்தோட்டம், விருந்தினர் அறை எல்லாம் எழுதியிருந்தான். பிழையே இல்லை, பாடநூலிலிருந்து எடுத்தது. மதிப்பெண் போடக் கை வரவில்லை. எமெலின் வழவழப்பான தாள்களை நினைக்கையில் அந்தக் கட்டுரையே கண்முன் நிற்கிறது.

விளம்பரத்தை நம்பி வாழும் ஏடு வாங்கும் சக்தியுள்ளவரைத்தானே தேடும் என்பர். உண்மைதான். ஆயினும், ஒரே மேசையில் தாய் காய் நறுக்க, மூத்தவள் தேர்வுக்குப் படிக்க, பாட்டி தஸ்பீஹ் உருட்டும் வீடும் முஸ்லிம் வாழ்க்கைதான். அச்சேடாக எமெல் இன்று வருவதில்லை. வந்த காலத்தில் அந்த மேசையை அட்டையிலேயே போட்டிருக்கலாம்.