கூரையைப் பார்த்து ஆடுபவர்

2016 டிசம்பரில் தோஹாவில் உலக ரேபிட் சாம்பியன்ஷிப் முடிந்தபோது 3 பேர் தலா 11 புள்ளியில் நின்றார்கள். டை-பிரேக்கில் தங்கம் வசிலி இவான்சுக்குக்கு, வெள்ளி கிரிஷ்சுக்குக்கு. மேக்னஸ் கார்ல்சனுக்கு வெண்கலம்தான். 47 வயதில் உலகப் பட்டம் வாங்கிய மனிதர் பரிசளிப்பு விழாவில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஜார்ஜியாவின் பாதுர் ஜோபாவாவோடு உட்கார்ந்து செக்கர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். மேடைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது, போனார். ஆனால் மனசு முழுக்க அந்தச் செக்கர்ஸ் பலகையில்தான் இருந்தது என்பதை அந்த வீடியோவைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். தங்கப் பதக்கம் அவருக்கு ஒரு நல்ல ஆட்டத்தின் நடுவே வந்த தொந்தரவு.

செஸ் அரங்கின் வேடிக்கைகளைச் சேர்த்து வைத்து ரசிப்பவர்களிடம் இந்தக் காட்சிக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டுப் பார்க்கலாம். முதலிடம் என்று சொல்பவர் இவான்சுக் கட்சி. ‘அதெல்லாம் சரி, டோனி மைல்ஸ் மாதிரி வருமா’ என்று இழுப்பவர் எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. 1980-ல் ஸ்வீடனின் ஸ்காராவில், உலக சாம்பியன் கார்ப்போவ் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், மைல்ஸ் பலகையின் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். மைல்ஸ் ஜெயித்தார். 5 வருஷம் கழித்து டில்பர்க்கில் முதுகுவலி தாங்காமல், மசாஜ் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டே கிராண்ட்மாஸ்டர்களோடு மோதினார். மற்ற வீரர்கள் புகார் கொடுத்தார்கள். படுத்தபடியே அந்தப் போட்டியில் முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். கதையாக எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார்.

ஆனாலும் ஒரு குறை உண்டு. ஸ்காராவில் சிரிப்பு எங்கே எழும் என்று மைல்ஸுக்கு முன்கூட்டியே தெரியும். இவான்சுக்குக்கு, அரங்கில் சிரிக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பதே தெரியாது. தரவரிசையில் அவரை மேலே வைப்பது இந்த வித்தியாசம்தான்.

அவருடைய பார்வையையே எடுத்துக்கொள்வோம். எதிராளி பலகையைத் துளைத்துக்கொண்டிருப்பார். இவர் கூரையைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், பார்வையாளர்களின் தலைக்கு மேலே ஏதோ ஒரு புள்ளியைப் பார்ப்பார். விட்டத்துப் பல்லியை வேடிக்கை பார்க்கும் பிள்ளை மாதிரி முகம். பிறகு கண்ணைக் கீழே இறக்கி, யாரும் நினைத்துப் பார்க்காத கட்டத்தில் குதிரையை வைப்பார். 22 வயது நிரம்பும் முன்பே 1991 லினாரெஸில் காஸ்பரோவையும் கார்ப்போவையும் ஒரே போட்டியில் வீழ்த்தி முதலிடம் பிடித்தவர் இவர். கோமாளி கூரையைப் பார்த்தால் யாருக்கும் கவலை இல்லை. இவர் பார்த்தால் எதிரே இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் அது வேடிக்கையாகிறது.

அவருடைய உச்சம் 2013 லண்டன் கேண்டிடேட்ஸ். சவோய் பிளேஸில் 8 பேர், 14 சுற்று. ஜெயிப்பவர் ஆனந்தோடு உலகப் பட்டத்துக்கு மோதுவார். அந்தப் போட்டியில் இவான்சுக் 5 ஆட்டங்களை நேரம் தீர்ந்து தோற்றார். ஒன்று, இரண்டு என்றால் விபத்து எனலாம். கடிகாரம் என்று ஒரு பொருள் மேசைமேல் இருப்பதையே மறந்துவிட்ட கிராண்ட்மாஸ்டரை அதற்கு முன் அந்த உயரத்தில் யாரும் பார்த்ததில்லை. மொத்தம் 6 புள்ளி, ஏழாவது இடம். அவருக்குக் கீழே இருந்தவர் ரட்ஜபோவ் ஒருவர்தான்.

அதே மனிதர் 12-வது சுற்றில் கார்ல்சனைத் தோற்கடித்தார். உலகமே அந்த நார்வே இளைஞனுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் கிராம்னிக் முந்திக்கொண்டார், கடைசிச் சுற்றுக்கு முன் கார்ல்சன் எட்டிப் பிடித்தார். கடைசிச் சுற்று ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம் என்பது தற்செயல்தான், ஆனால் ரசிகர் அதை விடமாட்டார். கார்ல்சன் ஸ்விட்லரிடம் தோற்றார். கிராம்னிக் ஒரு டிரா எடுத்திருந்தால் போதும், லண்டன் அவருடையது. எதிரே உட்கார்ந்திருந்தவர் இவான்சுக். அன்றைக்கென்று பார்த்து அவருக்கு நேரம் போதுமானதாக இருந்தது, ஜெயித்துவிட்டார். முன்னணியில் இருந்த இருவரும் ஒரே நாளில் தோற்று 8.5-ல் சமமாக நின்றார்கள். அதிக வெற்றி பெற்றவர் என்ற கணக்கில் கார்ல்சன் தேறினார்.

அந்தக் கணக்கின் பலன்தான் 2013 நவம்பரில் சென்னை ஹயாட் ரீஜென்சியில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்தது. 10 ஆட்டங்களில் 6.5–3.5. ஆனந்தின் பட்டம் சொந்த ஊரிலேயே போயிற்று. கிராம்னிக்கை ஆனந்த் 2008-ல் பான் நகரில் வென்றிருந்தார். லண்டனில் கிராம்னிக் மட்டும் தப்பியிருந்தால் என்று சென்னை ரசிகர்கள் இன்றும் பெருமூச்சு விடுவதுண்டு. அவர்கள் வைய வேண்டியது கார்ல்சனை அல்ல. 5 ஆட்டத்தில் கடிகாரத்தை மறந்துவிட்டு, மறக்கக் கூடாத இரண்டு பேரிடம் மட்டும் நினைவு வைத்துக்கொண்ட அந்த உக்ரைன்காரரை. அவர்மேல் கோபப்பட யாருக்கு மனசு வரும்?

கோபம் அவருக்கும் வரும். 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடின் கடைசிச் சுற்றில் கம்ஸ்கியிடம் தோற்றதும், ஊக்கமருந்துச் சோதனைக்கு வரச் சொன்ன அதிகாரியைக் கடந்து, கான்கிரீட் தூணை உதைத்துவிட்டுப் போனார். சோதனைக்கு மறுத்தார் என்று வழக்கு நடந்தது. செஸ் ஆட ஊக்கமருந்து எதற்கு என்று உலகம் சிரித்தது. கடைசியில் நடைமுறைப் பிழையைக் காட்டித் தண்டனை இல்லாமல் விட்டார்கள். 2009 உலகக் கோப்பையில் இளைஞர் வெஸ்லி சோவிடம் தோற்றதும் தொழில்முறை ஆட்டத்தையே விடப்போவதாக அறிவித்தார். சில நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்.

வேடிக்கை என்றதும் 1978 பாகியோ உலகப் பட்டப் போட்டிக்குப் போகும் ரசிகர்களும் இருக்கிறார்கள். கார்ப்போவுக்கு வந்த தயிர்க் கிண்ணத்தில் சங்கேதம் இருக்கலாம் என்று கோர்ச்னோய் தரப்பு புகார் கொடுத்தது, பார்வையாளர்களிடையே உட்கார்ந்து முறைத்த டாக்டர் சுகார், அவரை எதிர்கொள்ளக் கண்ணாடி போல் மின்னும் கறுப்புக் கண்ணாடி, துணைக்கு ஆனந்தமார்க்கிகள் என்று சரக்குக்குப் பஞ்சமில்லை. 1972 ரெய்க்யவிக் உலகப் பட்டப் போட்டியில் நாற்காலியை எக்ஸ்ரே எடுத்து, விளக்கைக் கழற்றி, இரண்டு செத்த ஈக்களைக் கண்டுபிடித்ததும் அந்த வகைதான். இவை பனிப்போரின் வேடிக்கைகள். செஸ் அங்கே வெறும் சாக்கு.

கோர்ச்னோயிடமே அதைவிட நல்ல கணம் ஒன்று உண்டு, அதை யாரும் கொண்டாடுவதில்லை. 1974 மாஸ்கோ, கேண்டிடேட்ஸ் இறுதி, 21-வது ஆட்டம். தன் யானை தாக்கப்பட்டிருக்கும்போது கோட்டை கட்டலாமா என்று நடுவர் ஓகெல்லியிடம் போய்க் கேட்டார். கேட்டவர் பல பத்தாண்டு ஆடிய கிராண்ட்மாஸ்டர், பள்ளிப் பையன் இல்லை. கட்டலாம் என்றார் நடுவர். கட்டினார், 19 நகர்த்தலில் ஜெயித்தார். பதினெட்டுத் தயிர்க் கிண்ணங்களை இந்த ஒரு கேள்விக்கு ஈடாகக் கொடுக்கலாம். எதிராளி சுருட்டைப் பற்றவைக்கவே இல்லை, ஆனாலும் நிம்சோவிச் புகார் செய்தார் என்ற கதையோ, சொல்பவருக்குச் சொல்பவர் எதிராளியை மாற்றுகிறார்: ஒருவருக்கு லாஸ்கர், ஒருவருக்கு விட்மார். எதிராளியே நிலையாக இல்லாத கதையைப் பட்டியலில் சேர்ப்பது கஷ்டம்.

பட்டியலில் நிச்சயம் சேர வேண்டியவர் ராபர்ட் ஹூப்னர். பழைய பாப்பிரஸ் சுவடிகளைப் படிக்கும் அறிஞர், சிரிப்பூட்டும் எண்ணமே இல்லாத ஆசாமி. 1972-ல் கிராஸ் நகரில் மாணவர் அணிப் போட்டியில், பின்னாளில் ஐ.எம்.எஃப்.பின் தலைமைப் பொருளாதார நிபுணரான கென்னத் ரோகாஃபோடு ஆடாமலே டிராவுக்கு ஒத்துக்கொண்டார். நடுவர்கள் ஆடியே தீர வேண்டும் என்றதும் இருவரும் காய்களை அர்த்தமில்லாமல் உலாவவிட்டு மறுபடி டிரா என்றார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ரோகாஃப் கேட்டார், ஹூப்னர் மறுத்தார், புள்ளி ரோகாஃபுக்குப் போனது. 1983-ல் வெல்டன் நகரில் ஸ்மிஸ்லோவோடு கேண்டிடேட்ஸ் காலிறுதி, கூடுதல் ஆட்டங்களுக்குப் பிறகும் 7–7. விதிப்படி சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தைச் சுற்றினார்கள். பந்து முதலில் பூஜ்யத்தில் விழுந்தது. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. சக்கரமே டிரா கேட்டது. மறு சுற்றில் 62 வயது ஸ்மிஸ்லோவுக்கு யோகம் அடித்தது. டில்பர்க்கில் படுத்துக்கொண்டே ஆடிய மைல்ஸோடு முதலிடத்தைப் பகிர்ந்தவர்களில் ஒருவரும் இதே ஹூப்னர்தான்.

மைல்ஸ் கட்சியைச் சமாதானப்படுத்த இன்னொன்றையும் சொல்லிவிடலாம். 1987-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்டியன்சன் மைல்ஸுக்கு எதிராக ஐந்தாவது நகர்த்தலிலேயே ஒரு காயை இழக்கும் தவற்றைச் செய்தார். மைல்ஸ் அதைத் தண்டிக்காமல் விட்டார், ஆட்டம் டிரா ஆனது. அடுத்த வருஷம் பீல் நகரில், 18 வயது ஆனந்த் சபாட்டாவுக்கு எதிராக அதே நகர்த்தலை ஆடினார். சபாட்டா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். குதிரை தப்பாது. ஆனந்த் ஆறாவது நகர்த்தலில் விலகினார். ஆனந்தின் ஆட்டங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் ரசிகர்கள்கூட இந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாது. பெரியவர்களின் ஆட்டத்தை நம்பி அப்படியே போட்ட பிள்ளையின் வேடிக்கை அது. அதன் பிறகு 5 முறை உலகப் பட்டம் வென்றதும் அதே பிள்ளைதான்.

இனி வருத்தம். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் ஆர்லிங்டனில் இந்திய–அமெரிக்கக் காட்சிப் போட்டி நடந்தது. குகேஷைத் தோற்கடித்த நகமுரா, குகேஷின் ராஜாவை எடுத்துக் கூட்டத்துக்குள் எறிந்தார். அப்படி ஏதாவது செய்யச் சொல்லி ஏற்பாட்டாளர்களே ஊக்கப்படுத்தியதாகப் பிறகு தெரிந்தது. நகமுராவைத் திட்டிப் பலர் எழுதினார்கள். ரசிகரின் புகார் வேறு: அது சிரிப்பே வராத காட்சி. சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்த வேடிக்கைக்கு ரசம் கிடையாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற கையோடு, அழுதுகொண்டே காய்களைப் பழையபடி அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்த பையனின் ராஜா அது என்பது இன்னொரு எரிச்சல்.

அதற்கு 4 மாதம் முன்பு ஸ்டாவங்கரில் அதே குகேஷிடம், வெல்ல வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்ட கார்ல்சன் மேசையை ஓங்கி அடித்தார். காய்கள் துள்ளின. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரே எதிர்பார்க்கவில்லை. பிறகு போகிற போக்கில் குகேஷின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தானும் நிறைய மேசைகளை அடித்திருப்பதாகக் குகேஷ் சொன்னது அதற்கு மேல் ஒரு படி. அந்த அடி நூறு வருஷம் நிற்கும். ஆர்லிங்டன் எறி அடுத்த வருஷமே மறந்துபோகும்.

பார்ப்பவர்களின் கண்ணும் கெட்டிருக்கிறது. 2024 டிசம்பர் நியூயார்க் உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டியை எல்லோரும் கார்ல்சனின் ஜீன்ஸுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். 200 டாலர் அபராதம், மாற்றச் சொன்னார்கள், மாட்டேன் என்றார், வெளியேறினார், பிளிட்ஸுக்குத் திரும்பி வந்தார், கடைசியில் நெப்போம்னியாச்சியோடு பட்டத்தையே பங்குபோட்டுக்கொண்டார். அதே பிளிட்ஸ் போட்டியில், டேனியல் நரோடிட்ஸ்கியோடு வெல்ல வேண்டிய ஆட்டம் கைநழுவியதும், 55 வயது இவான்சுக் பலகை முன்னாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். 3 நிமிட ஆட்டத்துக்காக. உலகப் பட்டத்தின் நடுவே செக்கர்ஸ் ஆடியவரும், ஒரு பிளிட்ஸ் ஆட்டத்துக்காகத் தேம்பியவரும் ஒரே ஆள் என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்குத்தான் அந்தத் தோஹா வீடியோ முழுசாக இனிக்கும். பட்டம் அவருக்கு ஒரு பொருட்டில்லை, கையில் இருக்கும் ஆட்டம்தான் எல்லாம்.

2023 முதல் சென்னையில் கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்துவருகிறது. அதை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராஜாவை எறியச் சொல்லி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், கூட்டத்தைக் கூச்சலிடச் சொல்லி அட்டை காட்டவும் வேண்டாம். உக்ரைனுக்கு ஒரு அழைப்பு அனுப்புங்கள். கூரை பளிச்சென்று இருக்கும் கூடமாகப் பாருங்கள். பரிசளிப்பு நாளில் ஒரு செக்கர்ஸ் பலகையும் கைவசம் இருக்கட்டும்.