புலால் நாற்றமும் கடற்காற்றும்

சிறிய கடலோர ஊர்களைப் பற்றி வரும் பயணக் கட்டுரைகளை அடுத்தடுத்து வாசித்தால், அமைதி, தனிமை, உப்புக் காற்று, காலம் உறைந்த தெருக்கள் என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். தரங்கம்பாடியைப் பற்றியென்றால் 1620இல் டேனியர் வந்து கட்டிய கோட்டையில் தொடங்கி, சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தொட்டு, விடுதி வராந்தாவில் பார்த்த சூரிய உதயத்தில் முடியும். மீன் விற்கும் பெண்ணும் இவற்றில் வருவாள், ஒரு வண்ணச் சேலையாகவும் தலையிலிருக்கும் கூடையாகவும். அவள் அன்று மீனை என்ன விலைக்கு ஏலம் எடுத்தாள், எந்த ஊருக்குக் கொண்டுபோகிறாள், கையில் என்ன மிஞ்சும் என்பவை கட்டுரைக்குள் வருவதில்லை.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள் உப்புக்கு நெல் மாற்றக் கூவிக்கொண்டு தெருவில் வருகிறாள். பழக்கமில்லாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரள்கிறாள். மிரண்ட அந்தக் கண்கள், பார்த்து நிற்கும் தலைவனுக்குக் காதல் நோயாகிவிடுகின்றன. வேலைக்கு வந்த இடத்தில் ஒரு பெண் அடைந்த அச்சத்தை அவன் அழகாக எடுத்துக்கொள்கிறான். வகுப்பில் இதை உவமை நயத்துக்காக நடத்துகிறோம். கயல்மீன்கள் எதிரெதிரே நிற்பதுபோன்ற கண் என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாய் எதற்காகக் குரைத்தது, அவள் உப்பு விற்றதா என்று கேட்பதில்லை.

ஆனால் நெய்தலுக்குள்ளேயே இதற்கு மறுமொழி இருக்கிறது. நற்றிணை 45இல், தேரில் வரும் செல்வர் மகனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடலுக்குள் சென்று மீன் பிடிப்பவரின் மகள். நீயோ கொடி பறக்கும் பழைய ஊரின் செல்வன். சுறா இறைச்சியை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் எங்களுக்கு உன் அழகு எதற்கு, எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். கடலை நம்பிய எங்கள் சிறிய வாழ்வே எங்களுக்கு நல்லது, எங்களிலும் உயர்ந்தோர் உண்டு என்றும் சொல்கிறாள். தோழி குறை மறுக்கும் துறை என்று இதை வகைப்படுத்துவார்கள். அப்படியே இருக்கட்டும். தன் உடலின் வாசனையைத் தன் உழைப்பின் வாசனை என்று நிமிர்ந்து சொல்லும் பெண்குரலாகவும் நாம் இதை வாசிக்க வேண்டும்.

அந்த வாசனைக்கு இன்றும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில், இன்னொரு சிறிய கடலோர ஊரான குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய முதிய பெண்ணை, நாற்றம் வீசுகிறது என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்டு அழுத காணொளி பரவிய பிறகே நடவடிக்கை வந்தது. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்த அதே ஆண்டு அது. தோழி தானே சொன்ன சொல்லை, நடத்துநர் அவருக்கு எதிராகச் சொன்னார். கடற்காற்றை நெஞ்சு நிறைய இழுக்க வருகிறவர்களுக்கும், அந்தக் கடலிலிருந்து வரும் மீனின் வாசனை வேண்டாததாகவே இருக்கிறது.

இதைச் சொல்வதால் கடலோர ஊருக்குப் போகும் ஆசையைக் குற்றமாக்க நான் வரவில்லை. எங்கே போக விருப்பம் என்று கேட்டால் என் மாணவிகளில் பெரும்பாலோர் கடலைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. அடுப்புக்கும் வீட்டுக்கும் முதுகைக் காட்டி, யாரும் எதுவும் கேட்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஒரு பெண்ணுக்குச் சிறிய விடுதலைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நாம் அறை வாடகை கொடுத்து வாங்குகிறோம். அதே ஊரில் பிறந்த பெண் வேலையில்லாமல் கரையில் தனியாக உட்கார்ந்தால், யார் வீட்டுப் பெண், இங்கே என்ன செய்கிறாள் என்று ஊர் கேட்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோர மக்கள் பலருக்குக் கரையை விட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். கடல் பார்த்த அறைகளோ விடுதிகளில் கூடுதல் வாடகைக்குப் போகின்றன.

வேறு விதமாக எழுத முடியும் என்பதற்கு ராஜம் கிருஷ்ணன் நம் முன் இருக்கிறார். கடலோர மீனவர் வாழ்வை ‘அலைவாய்க் கரையில்’ நாவலிலும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை ‘கரிப்பு மணிகள்’ நாவலிலும் எழுதினார். அந்த மக்களிடம் நேரில் சென்று பழகிய பிறகே எழுத உட்கார்ந்தார். அவருடைய உப்பளத்தில் உப்பு காற்றில் கரைந்த கவிதையாக வருவதில்லை. கூலியாகவும் உடலைத் தின்னும் வெயிலாகவும் வருகிறது. நாவலில் பிரசாரம் தூக்கல் என்று விமர்சகர்கள் சொல்லலாம். கரையில் நின்று பார்ப்பவரின் கண்ணிலிருந்து கதையை விடுவித்தது அந்த எழுத்துதான்.

ஆகவே கடலோர ஊரைப் பற்றிய எந்தப் பிரதியை எடுத்தாலும், கவிதையோ பயணக் கட்டுரையோ, மாணவிகள் கேட்க வேண்டியவை சில உண்டு. இதில் பார்ப்பது யார்? இங்கே உழைக்கும் பெண்ணுக்குப் பேச வாய் இருக்கிறதா? அவள் பேசினால், தள்ளி நில் என்று சொல்ல இந்தப் பிரதி அனுமதிக்குமா? நற்றிணைத் தோழி அதைத் தேரில் வந்தவனிடம் சொன்னாள். வராந்தா நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கும் அது கேட்க வேண்டும்.