கண்காட்சியில் காணாதவை

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்கினால், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குப் பூந்தமல்லி சாலை வழியே சிறிது தொலைவுதான். தமிழக அரசின் 'உமாஜின்' தொழில்நுட்ப மாநாடு 2023 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அங்கே நடைபெற்றது. இணையத்தை வைத்து வணிகம் செய்வோர் கூடும் வேறு பல கண்காட்சிகளுக்கும் அதுவே களம். அத்தகைய ஒன்றுக்கு அண்மையில் சென்று ஒரு பகல் முழுவதும் சுற்றிப் பார்த்தேன். எந்தக் கண்காட்சி என்று பெயர் குறிப்பிடப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொல்லிக் குறை கூறினால் மற்றவற்றுக்கு நற்சான்று வழங்கியதாக ஆகிவிடும்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் தாக்குவது குளிர், அடுத்தது இரைச்சல். ஏறத்தாழ எல்லா அரங்குகளிலும் பெரிய ஒளித்திரைகள். அவற்றில் நீல நிறப் பின்னணியில் புள்ளிகளும் கோடுகளும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவை எதைக் குறிக்கின்றன என்று இரண்டு அரங்குகளில் கேட்டேன். "அழகுக்காக, சார்" என்று ஒருவர் உண்மையைச் சொன்னார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேரைப் பேருந்தில் அழைத்து வந்திருந்தார்கள். கையில் துணிப்பை, பைக்குள் விளம்பரத் தாள், ஒரு பேனா. 'கிளவுட்' எனப்படும் மேகக் கணிமைச் சேவையை விற்கும் அரங்கின் முன் அவர்கள் நின்றபோது நானும் அருகில் நின்றேன். அவர்களுள் ஒரு பையன் விளக்குபவரைப் பார்த்து, "அண்ணா, இந்த மேகம் எங்கே இருக்கு?" என்று கேட்டான். "அது கிளவுட், தம்பி. எல்லா இடத்திலும் இருக்கும்" என்றார் அவர். பையன் விடவில்லை. "அப்ப கரண்டு போனா?" சுற்றியிருந்தோர் சிரித்தார்கள். விளக்குபவரும் சிரித்துவிட்டு அடுத்த பார்வையாளரிடம் திரும்பினார்.

அன்று நான் செவிமடுத்த வினாக்களுள் மிகச் சிறந்தவை இவ்விரண்டும்தான். இரண்டுக்கும் அங்கே விடை கிடைக்கவில்லை.

மேகம் என்பது வானத்தில் இல்லை. அது ஒரு கட்டடம். அக்கட்டடத்தினுள் இரும்பு அடுக்குகளில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. இதைத் தகவல் மையம் என்கிறோம். பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் பூங்காவில் இத்தகைய மையங்கள் உள்ளன. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அவற்றின் மதிற்சுவரையாவது பார்த்துவிட்டு வரலாம். அவை தின்னும் மின்சாரத்தை ஒரு கணக்கால் உணரலாம். 10 மெகாவாட் மின்சாரத்தை இடைவிடாமல் பயன்படுத்தும் ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் அதற்கு 2,40,000 யூனிட் தேவை. நாளொன்றுக்கு 10 யூனிட் செலவிடும் வீடுகளாகக் கணக்கிட்டால் 24,000 வீடுகளின் செலவு அது. கணிப்பொறிக்குள் செல்லும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் முடிவில் வெப்பமாகவே வெளிவருகிறது. அவ்வெப்பத்தை அகற்ற மேலும் மின்சாரமும், பல இடங்களில் தண்ணீரும் வேண்டும். கரண்டு போனால்? மின்கல அடுக்குகள் உடனே சுமையை ஏற்கும். சில நொடிகளில் டீசல் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கும். பையனுக்கு இந்த இரண்டு வரி போதும். சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. கோடையில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் புறநகர்வாசியின் பிள்ளைக்கு மேகம் தண்ணீர் குடிக்கும் செய்தி தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னோர் அரங்கில் 'பூஜ்ஜியத் தாமதம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அவர்களுடைய வழங்கிக் கணிப்பொறி சிங்கப்பூரில் இருக்கிறதாம். 'பிங்' என்ற எளிய கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. திரையில் 38 மில்லிசெகண்டு என்று வந்தது. "அது பூஜ்ஜியம் மாதிரிதான், சார்" என்றார் இளைஞர்.

மாதிரிதான், ஆனால் பூஜ்ஜியம் அன்று. பூஜ்ஜியம் ஆகவும் முடியாது. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, கண்ணாடி இழைக்குள் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் பயன்பாட்டுக்கு வந்த 'ஐ டூ ஐ' கடலடி வடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிசெகண்டு, வர 16. ஆக 32. எஞ்சிய நேரம் வழியிலுள்ள சந்திப்புக் கருவிகளில் கழிகிறது. என்ன அழகான சோதனை! கடலுக்கடியில் கிடக்கும் வடத்தின் நீளத்தை நந்தம்பாக்கத்தில் நின்றுகொண்டே ஒரு மாணவன் தோராயமாகக் கணித்துவிடலாம். விளம்பரப் பலகையின் மேலே இந்தக் கணக்கை எழுதி வைத்திருந்தால் அரங்கில் கூட்டம் கூடியிருக்கும்.

இதில் எனக்கு ஆதங்கம் சற்று மிகுதி. காரணம், இந்த வட்டாரம் அளவைக்குப் பெயர்போனது. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் இந்தியப் பெரும் நில அளவையைத் தொடங்குவதற்கான அடிக்கோட்டை இதே பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை அளந்தார். ஏழரை மைல் தூரம், 100 அடி எஃகுச் சங்கிலி, 57 நாட்கள். வெயிலில் சங்கிலி நீளுமே என்று அருகில் வெப்பமானிகள் வைத்து அதற்கும் திருத்தம் கண்டார். அந்த மலையடிவாரத்தில் நின்றுகொண்டு 38ஐப் பூஜ்ஜியம் என்பதா!

தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் கருவி ஒன்றையும் கண்டேன். செய்தி வாசிப்பவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசியபோது பிழையின்றி எழுதியது, மெய்யாகவே வியந்தேன். பிறகு, "வண்டலூர் போற வண்டி எப்ப வரும்?" என்று ரயிலடியில் கேட்பதுபோலக் கேட்டேன். 'வண்டல் ஊர் போர் வண்டி' என்று எழுதிக் காட்டியது. வண்டலூருக்குப் போர் மூண்டுவிட்டது! இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இக்கருவிகள் தமக்கு ஊட்டப்பட்ட குரல் பதிவுகளிலிருந்தும் எழுத்துகளிலிருந்தும்தான் கற்கின்றன. அச்சுத் தமிழ் நிறைய ஊட்டப்பட்டு, தெருத் தமிழ் குறைவாக ஊட்டப்பட்டால் விளைவு இப்படித்தான் இருக்கும். அரங்கத்தார் இதை ஒப்புக்கொண்டு விளக்கியிருந்தால் ஒரு நல்ல பாடமாக அமைந்திருக்கும். "சார், நீங்க தெளிவா பேசணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

கூடமெங்கும் தமிழ் எழுத்து 'வணக்கம்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டதையும் குறிப்பிட வேண்டும். தமிழ் விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்த 'தமிழ்நெட் 99' மாநாடு 1999 பிப்ரவரியில் இதே சென்னையில்தான் நடந்தது. கருவி எப்போதோ தயார். பயன்படுத்தத்தான் ஆளைக் காணோம்.

இனி வணிகம். வணிகக் கண்காட்சியில் வணிகத்தைக் குறை சொல்வது முறையன்று. ஆனால் "எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?" என்ற கேள்விக்குக் கிடைத்த உடனடி விடை, "வருமானம் எப்படி?" என்ற கேள்விக்கு எங்கும் கிடைக்கவில்லை. இது பழைய கதை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இந்திய இணைய நிறுவனங்களில் அதுவே முதலாவது. அடுத்த மாதமே 'இந்தியாவேர்ல்டு' வலைத்தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. வருவோரின் எண்ணிக்கையையே செல்வமாகக் கருதிய காலம் அது. 2000 மார்ச் 10இல் 5,048 ஆக இருந்த நாஸ்டாக் குறியீடு 2002 அக்டோபரில் 1,114க்கு இறங்கியது. அதே ஆண்டுகளில், 1996இல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, வெளியார் மூலதனம் இன்றி மென்பொருள் எழுதி விற்றுப் பிழைத்தது. தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி அருகே இருக்கிறது அதன் வளாகம். இவ்விரு கதைகளையும் ஒரு சுவரில் எழுதி மாட்டியிருந்தால், வேலை தேடும் வயதை நெருங்கும் முப்பது மாணவர்களுக்கும் அது பேனாவைவிடப் பயன்பட்டிருக்கும்.

நல்லதாக ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. உணவுக் கூடத்துக்குப் போகும் வழியில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, திரை கிடையாது. ஒளியிழைகளை இணைக்கும் கருவியோடு மேடவாக்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேபிள் வேலையில் பல ஆண்டு பழக்கம் உள்ளவர் என்பது அவர் விரல்களிலேயே தெரிந்தது. மேலுறையை உரித்தார், இழையைத் துடைத்தார், முனையைச் செங்குத்தாக வெட்டினார். மயிரளவே உள்ள அக்கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரோமீட்டர். அதன் நடுவே ஒளி செல்லும் உள்ளகம் 9 மைக்ரோமீட்டர்தான். கருவிக்குள் இரு முனைகளும் எதிரெதிரே வந்து நின்றன. சிறிய மின்பொறி ஒன்று பாய்ந்தது. கண்ணாடி உருகி ஒன்றாயிற்று.

அதற்குள் அந்தப் பையன் அங்கே வந்துவிட்டான். "நான் செய்யட்டுமா, அண்ணா?" என்றான். "செய்யேன், தம்பி" என்று இழையை அவன் கையில் கொடுத்துவிட்டார். முதல் முறை வெட்டு கோணலாகிக் கருவி ஏற்க மறுத்தது. இரண்டாம் முறை இழையே முறிந்தது. மூன்றாம் முறை பொறி பாய்ந்து, இணைப்பில் ஒளியிழப்பு 0.03 டெசிபெல் என்று சிறு திரை காட்டியது. "நம்ம ஆளுங்களுக்கே சில நாள் இவ்வளவு நல்லா வராது" என்றார் மேடவாக்கத்துக்காரர். ஆசிரியர் வெளியிலிருந்து பேருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார். இணைத்த துண்டைத் தனக்குத் தரும்படி பையன் கேட்க, அவர் அதை ஒரு தாளில் சுற்றி ஒட்டுநாடா போட்டுக் கொடுத்தார். "பிரிக்கும்போது பாத்துப் பிரி. உடைஞ்ச முனை சதையில ஏறினா கண்ணுக்கே தெரியாது" என்று எச்சரித்தார். பையன் துணிப்பையிலிருந்த விளம்பரத் தாள்களை மேசையடியில் வைத்துவிட்டு, அந்தப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.