எந்தக் கதவு திறந்தது? இந்திய–இலங்கை வணிக ஒப்பந்தம்: ஒரு மதிப்பீடு

1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளன. இலங்கைச் சந்தையை இந்தியா விழுங்கிவிட்டது என்பது ஒன்று. இலங்கையின் ஏற்றுமதி பல மடங்கு பெருகியதே வெற்றிக்குச் சான்று என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் தரப்பு வணிகப் பற்றாக்குறையைக் காட்டுகிறது. பற்றாக்குறை பெரிது என்பது உண்மைதான். ஆனால் இலங்கை இந்தியாவிடம் வாங்கும் எரிபொருள், வாகனங்கள் போன்றவற்றில் பெரும்பகுதி ஒப்பந்தத்தின் வரிச்சலுகை இல்லாமலே வருகிறது. இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்கில்தான் பெரும்பகுதி சலுகையைப் பயன்படுத்துகிறது. ஒப்பந்தம் இல்லாதிருந்தாலும் பற்றாக்குறை இருந்திருக்கும்.

இரண்டாம் தரப்பின் கணக்கைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு இலங்கை செய்த ஏற்றுமதி 2000இல் 6 கோடி டாலருக்கும் குறைவு. 2005இல் 55 கோடிக்கு மேல். இந்தப் பாய்ச்சலின் பெரும் பங்கு வனஸ்பதியும் செம்பும். இலங்கையில் செம்புச் சுரங்கத் தொழிலே இல்லை. வனஸ்பதிக்கு வேண்டிய பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. அன்று இந்தியா பாமாயிலுக்குக் கடும் வரி விதித்திருந்தது. இலங்கையில் வரி குறைவு. எண்ணெயை அங்கே இறக்கி, ஹைட்ரஜன் ஏற்றி உறையவைத்து, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினால் அந்த வரி வித்தியாசமே லாபம். இந்திய முதலீட்டாளர்களே பல ஆலைகளை நிறுவினர். உள்நாட்டு மதிப்புக்கூட்டல் 35 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதியால் இதைத் தடுக்க முடியவில்லை. பிறகு இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு கட்டியது. 2008இல் கச்சாப் பாமாயில் வரியையே நீக்கியது. ஆலைகள் மூடப்பட்டன. வேலை போனது இலங்கைத் தொழிலாளிக்கு.

மிளகிலும் இதே ஓட்டை. இலங்கை மிளகு தரமானது, அந்த மண்ணில் விளைவது. அதற்கு வரிச்சலுகை முற்றிலும் நியாயம். ஆனால் அதன் பெயரில் வியட்நாம் மிளகும் நுழைகிறது என்று இடுக்கி, வயநாடு, குடகு விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை இந்தியா நிர்ணயித்தது. குறுக்குவழியில் வந்த சரக்குக்காகப் போட்ட தடையில் இலங்கையின் அசல் விவசாயியும் மாட்டிக்கொண்டார்.

இலங்கையின் கை ஓங்கிய தொழில்கள் தேயிலையும் ஆயத்த ஆடையும். அங்கே ஒப்பந்தம் என்ன செய்தது? தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரைதான் சலுகை, அதுவும் தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியே மட்டும். ஆடைக்கு 80 லட்சம் உருப்படி. தொடக்கத்தில் அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டியிருந்தது. அசாம், நீலகிரித் தேயிலை விவசாயிகளின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பசுந்தேயிலை விலை சரிந்தால் சிறு விவசாயியின் வீட்டில் உலை கொதிக்காது. ஆனால் அன்றே ஆண்டுக்கு 80 கோடி கிலோவுக்கு மேல் விளைவித்த நாடு இந்தியா. அதற்கு முன் 1.5 கோடி கிலோ எம்மாத்திரம்? அந்த அளவுகூட நிரம்பாமலே கிடந்தது.

ஆக, அண்டை நாட்டில் விளையாத பொருள்களுக்குக் கதவு அகலத் திறந்தது. அதன் உழைப்பு உள்ள பொருள்களுக்கு ஒருக்களித்துத் திறந்தது. தடையற்ற வணிகம் பயன் தராது என்பதற்கு இந்த ஒப்பந்தம் சான்றாகாது. இங்கே அது அரைகுறையாகவே நடந்தது. இருந்தும் மிளகுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் பக்கத்திலேயே பெரிய சந்தை கிடைத்தது உண்மையான நன்மை. அதனால் ஒப்பந்தம் தொடர வேண்டும் என்பதே என் முடிவு.

2016 முதல் இழுத்துக்கொண்டே போகும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்புப் பேச்சுவார்த்தையில் இந்தியா தேயிலை, ஆடை வரம்புகளை முதலில் நீக்கட்டும். பிறப்பிடச் சான்றிதழ் தரும்போது சரக்கு எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதை இலங்கை கண்டிப்போடு சோதிக்கட்டும்.