பழம்பொறியும் பாடமும்

ஓலைச்சுவடியிற் பழகியோர் ஓர் உண்மையை நன்கறிவர். ஏட்டில் எழுதப்பட்டது முழுப்பாடம் அன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் ஏடுகளிற் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தம்முள் வேறுபாடின்றி எழுதப்பெற்றன. அடி பிரித்தலும் சொல் பிரித்தலும் இல்லை. ஆகவே, ஓரிடத்தில் நிற்பது 'எடு' என்பதா 'ஏடு' என்பதா என்று துணிபவன் படிப்பவனே. யாப்பும் இலக்கணமும் மரபும் பயின்ற அவன் பயிற்சியும், கையிலுள்ள ஏடும் கூடியவழியே பாடம் பிறக்கும். ஏடு எஞ்சியிருந்தும் படிக்க வல்லார் இல்லையாயின் நூல் இறந்ததாகவே கொள்ளப்படும்.

கணிப்பொறியில் எழுதப்பெற்ற இலக்கியத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். வட்டில் உள்ள கோப்பு ஏட்டினைப் போன்றது. அதனைத் திரையில் விரித்துக் காட்டும் மென்பொருளும் இயங்குதளமும் படிப்பவனைப் போன்றவை. ஏடு படிப்பவன் மறைந்தால் அவன் மாணவன் எஞ்சுவான். இயங்குதளம் வழக்கொழிந்தால் அதன் இடத்தில் வரும் புதியது பழைய கோப்பைப் படிக்க அறியாது. இந்நிலையில் மூலபாட ஆராய்ச்சியாளன் எதனைப் பாடமாகக் கொள்வது? கோப்பிலுள்ள சொற்களை மட்டும் புதிய வடிவிற் பெயர்த்தெழுதினால் போதுமா? பழைய மென்பொருளையே புதிய பொறியில் மீண்டும் இயக்கிக் காணல் வேண்டுமா? இவ்வினாவைச் சில நூல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போலிப்பொறி

பழைய மென்பொருள் புதிய பொறியில் இயங்காமைக்குக் காரணம் யாது? ஒவ்வொரு மென்பொருளும் ஒரு குறிப்பிட்ட செயலியின் கட்டளைகளால் ஆனது. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறி மோட்டோரோலா 68000 என்னும் செயலியைக் கொண்டிருந்தது. 1994இல் பவர்பிசி செயலிக்கும், 2006இல் இன்டெல் செயலிக்கும், 2020இல் தன் சொந்தச் செயலிக்கும் ஆப்பிள் நிறுவனம் மாறிற்று. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும், பழைய கட்டளைகளைப் புதிய செயலிக்கு ஏற்ப நிறைவேற்றித் தரும் ஓர் இடைநிலை மென்பொருளையும் அந்நிறுவனமே உடன் வழங்கியது. ஆயினும் அவ்வுதவி நிலையாக நிற்கவில்லை. பவர்பிசி மென்பொருள்களுக்காக 2006இல் தரப்பட்ட ரோசெட்டா, 2011இல் வந்த லயன் இயங்குதளத்தோடு நீக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய படிகளிற் கீழ்ப்படி பெயர்க்கப்பட்டமையின், 1980களின் மென்பொருள் இற்றைப் பொறியில் நேரே இயங்குதல் இயலாததாயிற்று.

இந்நிலையில் அறிஞர் கையாளும் கருவி எமுலேட்டர் எனப்படுவது. பழைய செயலியின் கட்டளை ஒவ்வொன்றையும் படித்து, அதற்கு நிகரான செயலைப் புதிய செயலியால் நிகழ்த்தி, பழம்பொறி முழுவதையும் மென்பொருளாற் படைத்துக் காட்டுவது இது. மின்வழி ஆவணங்களைக் காப்பதற்கு இதுவே தக்க வழி என்று ஜெஃப் ரோத்தன்பர்க் 1995இல் ஒரு கட்டுரையிலும் 1999இல் ஓர் அறிக்கையிலும் வலியுறுத்தினார். இதனை இக்கட்டுரையிற் போலிப்பொறி என வழங்குவாம். போலி என்பதற்குப் பொய் என்று பொருள் கொள்ளற்க. இலக்கண நூலார் நிலம் என்பது நிலன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வருவதைப் போலி என்பர். எழுத்து மாறினும் பொருள் மாறாது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று அதன் பணியைச் செய்யும். போலிப்பொறியின் இயல்பும் அத்தகையதே.

ஆயினும் இலக்கணப் போலியில் ஒரு நுட்பம் உண்டு. மயல், மையல் என்னும் இரண்டும் ஒரே பொருளன. ஆனால் மயல் ஓரசை, மையல் ஈரசை. உரைநடையில் ஒன்றற்கு மற்றொன்று நிற்கலாம். செய்யுளில் நிற்குமாயின் சீர் சிதையும். பொருளால் ஒத்தது யாப்பால் ஒவ்வாது போகலாம் என்னும் இவ்வுண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கிப்சனின் அக்ரிப்பா

வில்லியம் கிப்சன் என்னும் நாவலாசிரியர் இயற்றிய 'அக்ரிப்பா' என்னும் நெடும்பாட்டு 1992இல் வெளிவந்தது. ஓவியர் டென்னிஸ் ஆஷ்பாவும் பதிப்பாளர் கெவின் பேகாஸும் அதனை ஒரு கலைநூலாக அமைத்தனர். பாட்டு அந்நூலின் தாளில் அச்சிடப்படவில்லை. நூலினுள் பதித்த சிறுவட்டில் மெக்கின்டாஷ் மென்பொருளாக வைக்கப்பட்டது. இயக்கினால் அடிகள் திரையில் கீழிருந்து மேலாக ஓடும். படிப்பவர் அவ்வோட்டத்தை நிறுத்துதற்கும் இயலாது, பின்னோக்கித் திருப்புதற்கும் இயலாது. ஒருமுறை ஓடி முடிந்ததும் மென்பொருள் தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். மறுமுறை படித்தற்கு இடமில்லை.

இப்பாட்டின் சொற்பாடம் உலகில் பரவிய வரலாறு, சுவடி ஆராய்வார்க்குப் புதியதன்று. 1992 டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் நிகழ்ந்த அரங்கேற்றத்தில் அடிகள் திரையில் ஓடின. மாணவர் சிலர் அதனை ஒளிப்பதிவு செய்து, பின்னர் அடியடியாகப் பார்த்தெழுதி மின்வலையில் வெளியிட்டனர். மேத்யூ கிர்ஷன்பாம் முதலிய ஆய்வாளர் இச்செய்தியைப் பின்னர் வெளிக்கொணர்ந்தனர். ஆகவே நெடுநாள் பலரும் பயின்ற பாடம், ஒருவர் கண்டெழுதிய படியே. வட்டினின்று நேரே பெற்றதன்று. மூல ஏட்டைக் காணாது, பிறர் படிக்கக் கேட்டெழுதிய படியைக் கொண்டு பதிப்பித்தல் எத்தகையதோ அத்தகையது இது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா நிறுவனத்தாரும் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தாரும் கூடி, 2008இல் ஒரு மூலவட்டின் முழுப்படியை எடுத்தனர். வட்டிலுள்ள துகள் ஒவ்வொன்றையும் விடாது நகலெடுத்த படி அது. அதனைப் போலிப்பொறியில் இயக்கி, பாட்டு ஓடுமாற்றைப் பதிவு செய்து வெளியிட்டனர். அன்று முதல் இப்பாட்டுக்கு இருவகைப் பாடம் உளவாயின. ஒன்று சொற்பாடம், மற்றொன்று இயக்கப்பாடம்.

சொற்கள் இரண்டிலும் ஒன்றாயிருப்ப, இயக்கப்பாடத்தால் விளையும் பயன் யாது என்று வினவலாம். பாட்டின் பொருளை நோக்குக. அக்ரிப்பா என்பது புலவரின் தந்தையார் வைத்திருந்த நிழற்படத் தொகுப்பின் பெயர். புலவர் ஆறு வயதினராயிருந்தபோது தந்தையார் இறந்தார். அத்தொகுப்பின் கட்டை அவிழ்க்கத் தயங்குவதிற் பாட்டுத் தொடங்குகிறது. பின்னர்ப் படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. இளமையில் தற்செயலாய்ச் சுட்ட துப்பாக்கியும், படம் பிடிக்கும் கருவியும் பொறி என்னும் ஒரே கருத்தால் இணைக்கப்படுகின்றன. அத்தகைய பொறி ஒரு கணத்தை மற்றொரு கணத்தினின்று என்றைக்குமாகப் பிரித்துவிடுகிறது என்பது பாட்டின் உட்கிடை. இதனைத் தாளில் படிப்பவன் விரும்பியவாறு முன்னும் பின்னும் பார்க்கலாம்; ஓரடியில் நின்று நினைக்கலாம். திரையில் ஓடக் காண்பவனுக்கோ அவ்வுரிமை இல்லை. ஓர் அடியைப் பற்ற நினைக்கும்போதே அது மேலே மறைகிறது. இழந்த தந்தையைப் பற்றமாட்டாத மகனின் நிலையே படிப்பவனின் நிலையும் ஆகிறது. இம்மெய்ப்பாடு சொற்களில் மட்டும் இல்லை. சொல்லும் ஓட்டமும் கூடிய இடத்தில் உள்ளது. எனவே ஓட்டம் இப்பாட்டின் யாப்பு எனலாம். யாப்பை நீக்கிப் பொருளை மட்டும் தருவது உரையாகுமே அன்றிப் பாட்டாகாது.

ஒரு தடை எழலாம். கிப்சனே பின்னாளில் சொற்பாடத்தைத் தம் இணையதளத்தில் வெளியிட்டார். ஆசிரியர் ஒப்பியதை நாம் மறுத்தல் தகுமா? தகும் என்பதே எம் கருத்து. ஆசிரியர் அதனையும் படிக்கத்தந்தார் என்பதே அச்செயலால் பெறப்படும். அதுவே முழுநூல் என்பது பெறப்படாது. நாடக ஆசிரியர் தம் நாடகத்தை அச்சிடுவதால் மேடை வேண்டாததாகிவிடுவதில்லை.

எனினும் போலிப்பொறி தரும் பாடத்தையும் குறையற்றதெனக் கொள்ளல் ஆகாது. மயல் மையல் நுட்பம் ஈண்டுப் பொருந்தும். முழுப்படியினின்று இயக்கும்போது சிதைவது நகலே, மூலம் சிதையாது. வேண்டுமளவு புதிய நகல் எடுத்து மீண்டும் மீண்டும் காணலாம். ஒருமுறையே காணத்தகும் என்னும் அச்சம் ஒழிகிறது. சொற்பாடம் ஓட்டத்தை இழந்தது. இயக்கப்பாடம் ஓட்டத்தைப் பெற்று மறைவை இழந்தது. இன்னும், பழைய மென்பொருள் சிலவற்றின் வேகம் அக்காலச் செயலியின் வேகத்தையே அளவாகக் கொண்டது. புதிய பொறியில் விரைவு மிகும். அதனை எவ்வளவிற் கட்டுப்படுத்துவது என்று துணிபவர் இயக்குவோரே. ஆதலின் இயக்கப்பாடமும் ஒரு பதிப்பே. பதிப்பாசிரியரின் துணிபு அதனுள் கலந்துள்ளது.

ஜாய்சும் ருஷ்டியும்

ஓட்டமன்றிக் கட்டமைப்பே நூலாகும் இடமும் உண்டு. மைக்கேல் ஜாய்ஸ் 1987இல் எழுதி 1990இல் ஈஸ்ட்கேட் நிறுவனம் வெளியிட்ட 'ஆஃப்டர்நூன்' என்னும் கதை, ஸ்டோரிஸ்பேஸ் என்னும் மென்பொருளில் அமைந்தது. 539 சிறு பகுதிகளையும் அவற்றிடையே 900க்கு மேற்பட்ட இணைப்புகளையும் உடையது. காலையில் தான் வழியிற் கண்ட விபத்தில் இறந்தவர் தன் மகனோ என்று ஐயுறும் ஒருவனின் கதை அது. இணைப்புகள் சிலவற்றுக்குக் காவல் உண்டு; இன்ன பகுதிகளைக் கண்டவர்க்கே அவ்வழி திறக்கும். தன் ஐயத்தை நேரே நோக்க அஞ்சி, சுற்றிச் சுற்றி வருபவனின் உள்ளமே கதையின் பொருளாதலின், காவல் இங்கே பொருளுணர்த்தும் உறுப்பாகிறது. பகுதிகள் அனைத்தையும் தாளில் வரிசையாக அச்சிட்டால் ஒரு சொல்லும் குறையாது. காவல் மட்டும் ஒழியும். ஒழியவே, நெடிது தேடிப் பெறவேண்டிய செய்தி மற்றவற்றோடு ஒருங்கே கிடைக்கும்.

மூன்றாவது எடுத்துக்காட்டு வேறுவகைத்து. சல்மான் ருஷ்டியின் கணிப்பொறிகளும் தாள்களும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தை அடைந்தன. அவருடைய மெக்கின்டாஷ் பெர்ஃபோர்மா 5400 என்னும் பொறியைப் போலிப்பொறியாக அமைத்து, 2010இல் ஆய்வாளர்க்குத் திறந்துவைத்தனர். ருஷ்டியின் நாவல்கள் அச்சில் வந்தவை. அவற்றைப் படிக்கப் போலிப்பொறி வேண்டா. வரைவுகளின் சொற்களை அறியவும் பெயர்த்தெழுதிய கோப்பு போதும். எழுத்தாளர் தம் கோப்புகளை எவ்வாறு தொகுத்தார், எதனருகே எதனை வைத்தார், எழுதும்போது அவர் கண்முன் இருந்த திரை யாது என்பனவற்றை அறியவே போலிப்பொறி பயன்படும். ஆகவே போலிப்பொறி எந்நூலுக்கும் ஒரே அளவில் இன்றியமையாதது அன்று. இயக்கமே நூலாகும்வழி அது மூலத்தின் கூறு. ஏனையிடத்து ஆராய்ச்சிக்குத் துணையாவது. இவ்வேறுபாட்டை உணராது யாவற்றுக்கும் ஒரு முறையே போதும் எனல் பிழையாம்.

நம் கோப்புகள்

இவ்வாராய்ச்சி நம் துறைக்கும் உரியது. தமிழ் எழுத்துகள் 1991இல் ஒருங்குறியில் இடம்பெற்றன எனினும், அதன்பின்னும் பல்லாண்டு தமிழ்க்கோப்புகள் திஸ்கி முதலிய குறியீட்டு முறைகளிலும் தனித்தனி எழுத்துருக்களிலுமே எழுதப்பெற்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால மின்னூல்களும் இத்தகைய முறைகளில் அமைந்தவையே. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் இத்தகைய கோப்பைத் திறந்தால் உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றும்.

இம்முறைகளுக்கிடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உளது. 'கெ' என்பதைத் திஸ்கியில் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக வைப்பர். ஒருங்குறியில் ககரம் முன், கொம்புக்குறி பின். ஆதலின் கோப்பைப் பெயர்த்தெழுதும் மென்பொருள் எழுத்துகளை இடம் மாற்றியாக வேண்டும். தட்டச்சிட்டவர் தோற்றத்தை மட்டும் நோக்கி, காலுக்கு ரகரத்தையும், எகரத்துக்கு ஏழு என்னும் தமிழ் எண்ணையும், 'ஔ' என்பதற்கு 'ஒ', 'ள' என்னும் இரண்டையும் இட்ட இடங்களும் பல. தாளில் அச்சிட்டபோது இவை பிழையாகத் தோன்றவில்லை. பெயர்த்தெழுதிய பின்போ தேடினால் அகப்படா. 'ஔவை' என்று தேடுவார்க்கு 'ஒளவை' கிட்டாது. ஒரு சொல்லடைவில் ஒரு சொல் இல்லையென்று கண்டு, நூலிலேயே அச்சொல் இல்லையென்று துணிந்தால் வரும் தீங்கு சிறிதன்று.

இத்தகைய இடத்தில் பிழை தட்டச்சிட்டவருடையதா, பெயர்த்தெழுதிய மென்பொருளுடையதா என்று அறியும் வழி ஒன்றே. பழைய கோப்பை, பழைய எழுத்துருவோடு, பழைய இயங்குதளத்தில் திறந்து காணல் வேண்டும். அதற்கு அக்கோப்பு எஞ்சியிருத்தல் வேண்டும். பெயர்த்தெழுதியாயிற்று, இனிப் பழையது எற்றுக்கு என்று அழித்துவிடும் போக்கு, பதிப்பு வந்துவிட்டது, இனி ஏடு எற்றுக்கு என்னும் போக்கினின்று வேறன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகளைப் பல ஊர்களில் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினார். ஒப்புநோக்க ஏடு எஞ்சியிருந்தமையாலேயே அது கைகூடிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கணிப்பொறியிற் பிறந்த நூலுக்குச் சொல் மட்டும் பாடமாகாது, இயக்கமும் பாடமாம் இடம் உண்டு. போலிப்பொறி அவ்வியக்கத்தை மீட்டுத் தருவது. எனினும் தானும் ஒரு பதிப்பே. ஆகவே இத்தகைய நூலை ஆராய்வோர், தாம் கண்டது சொற்பாடமா, இயக்கப்பாடமா, எப்பொறியில் எந்த இயங்குதளத்தில் கண்டது என்பவற்றைச் சுவடி எண் குறிப்பது போல் குறித்தல் கடனாகும். தமிழ்த்துறைகளும் தம்மிடமுள்ள பழைய வட்டுகளையும் எழுத்துருக்களையும் இயங்குதளக் குறுந்தகடுகளையும் பழம்பொருளெனக் கழிக்காது, நூலகத்தில் சுவடிக்குரிய இடத்தில் வைத்தல் வேண்டும். முழுப்படி எடுத்துவைக்கும் பணி முதலில் நிகழட்டும். பெயர்த்தெழுதும் பணி பின்னர் நிகழலாம். வரிசை மாறினால் ஒப்புநோக்க ஏடு இராது.