பால் என்று தேடினால் பால்மாவு வருகிறது

தோட்டத்துத் தமிழ்ச் சொற்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பால் மரம், பால் வெட்டு, கட்டிப்பால், ஒட்டுப்பால் என்று ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் தேடினேன். மறுநாளிலிருந்து குழந்தைகளுக்கான பால்மாவு விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. மூன்றாம் நாள் தாய்ப்பால் பம்பு. அந்த வாரக் கடைசியில், 'உங்கள் செல்வத்தின் முதல் ஆயிரம் நாட்கள்' என்று ஒரு மருத்துவர் என்னைப் பார்த்துக் கனிவாகப் பேசினார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னாடா இது, யாரு புள்ளைக்கு?" என்று கேட்டதற்கு இன்றுவரை சரியான பதில் சொல்ல முடியவில்லை.

தேடியதால்தான் வந்ததா என்று அடித்துச் சொல்ல வழியில்லை. என் வயது ஆட்களுக்கெல்லாம் அந்த மாதம் அதுதான் போயிருக்கலாம். ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் காதில் 'பால்' என்ற சொல் விழுந்தால் முதலில் ஒரு வாளி நினைவுக்கு வரும், புட்டிப்பால் அப்புறம்தான். அந்த வித்தியாசம் இந்த இயந்திரத்துக்கு எங்கிருந்து தெரியும்? கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டதே 2018-ல்தான். அதற்கு முன்பு தமிழில் எழுதப்பட்ட இணையப் பக்கம் அதற்கு வெற்றுச் சுவர். தமிழ் படித்துக்கொண்ட பிறகும் அது படித்தது எந்தத் தமிழ் என்று கேட்கத் தோன்றுகிறது. சந்தை எங்கே பெரியதோ அந்த ஊர்த் தமிழாகத்தான் இருக்கும். சுங்கை சிப்புட்டில் பேசுகிற தமிழுக்கு என்ன சந்தை இருக்கிறது?

புந்தோங்கில் இருக்கும் என் அத்தையின் கைப்பேசி இன்னும் சுவாரசியமானது. காலையில் யூடியூப்பில் கந்த சஷ்டி கவசம் போடுவார். பாதியில் நிறுத்தி உம்ரா பேக்கேஜ் விளம்பரம் வரும், மலாயில். அடுத்து வெள்ளைக் காப்பி, மாண்டரினில். மூன்றாவதாக வருபவன்தான் அத்தைக்குப் பிடித்தவன். கோட் போட்ட ஓர் இளைஞன், பின்னால் காலி நிலம், சென்னைக்கு வெளியே எங்கோ. "வெளிநாடு வாழ் சொந்தங்களே, நம்ம ஊர்ல உங்களுக்குன்னு ஒரு இடம் வேணாமா?" என்பான். அத்தை ஒருமுறை கவசத்தையும் நிறுத்திவிட்டு, "யாருடா இவன்? நான் எப்படா ஊர விட்டு வந்தேன்?" என்று கேட்டார்.

அத்தை இந்தியாவைப் பார்த்ததில்லை. அவருக்கு ஊர் என்றால் அவர் பிறந்த தோட்டம். அது செம்பனையாகி, லயங்கள் இடிந்து, கோயில் மட்டும் நிற்கிறது. அந்த மூன்று விளம்பரங்களையும் ஒரு வாசகனாக வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாத்திரப் படைப்பு. முதலாவது, பேராக்கில் வசிக்கும் ஐம்பது வயது தாண்டிய பெண், பக்தி உண்டு, ஆகவே உம்ரா. இரண்டாவது, ஈப்போவாசி, ஆகவே சீனர். மூன்றாவது, தமிழ்ப் பாட்டுக் கேட்பவர், இந்தியாவில் இல்லை. ஆகவே சம்பாதிக்கப் போனவர், திரும்பி வருவார். மூன்றிலும் தர்க்கப் பிழை கிடையாது. மூன்றிலும் என் அத்தை கிடையாது. இடத்தால் பார்த்தால் மலாய்க்காரர் அல்லது சீனர், மொழியால் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரர். இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒரு சமூகமே நூறு வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது.

'இந்த விளம்பரத்தை ஏன் பார்க்கிறேன்?' என்று தட்டினால் ஒரு விளக்கமும் தருவார்கள். வயது, இருப்பிடம், மொழி என்று இரண்டு மூன்று வரி. நாவலைப் படிக்காமலே எழுதிய பின்னட்டை வாசகம் மாதிரி இருக்கும். பொய் இல்லை, ஆனால் உள்ளே நடப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உள்ளே நடப்பது ஏலம். நாம் பக்கத்தைத் திறந்து அது முழுதாக ஏறுவதற்குள், நம் கண்ணை யார் எடுப்பது என்று இயந்திரங்கள் விலை கூவி முடித்திருக்கும்.

இதில் ஒரு நேர்மையாவது இருக்கிறதா என்று நான் யோசிப்பது வாடகை வீட்டு விளம்பரங்களைப் பார்க்கும்போதுதான். நம் நாட்டில் 'சீனர் மட்டும்' என்று கூச்சமில்லாமல் எழுதுகிறவர்கள் உண்டு, 'இந்தியர் வேண்டாம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2016-ல் புரோபப்ளிகா செய்தியாளர்கள், முகநூலில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர் கறுப்பினத்தவர், ஆசிய வம்சாவளியினர் கண்ணில் அது படாமலே செய்துவிடலாம் என்று காட்டியபோது பெரிய சர்ச்சையானது. நமக்கு அந்த நுட்பம் தேவைப்படவில்லை. ஒதுக்கப்பட்டவருக்கும் காட்டியே ஒதுக்குகிறோம்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கத்தான். நண்பர்கள் லிட்டில் இந்தியாவில் தேத்தண்ணி குடிக்கும்போது இந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டிச் சிரிப்போம். மொட்டைத் தலையனுக்குச் சீப்பு, சைவக்காரிக்குக் கம்பிங் சூப். இயந்திரம் முட்டாள் என்று ஒரு நிம்மதி. ஆறு மாதத்துக்கு முன்பு அந்த நிம்மதி எனக்குப் போய்விட்டது.

அத்தை மகனுக்கு இருபத்தோரு வயது. எஸ்.பி.எம். முடித்துவிட்டு ஈப்போவில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மோட்டாருக்குக் கடன் கட்டுகிறான். ஓர் இரவு அவன் கைப்பேசியில் ஒரு வேலை விளம்பரம் வந்தது. வாடிக்கையாளர் சேவை. தமிழும் மலாயும் பேசினால் போதும். அனுபவம் வேண்டாம். மாதம் 8,000 வெள்ளி. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. நாடு கம்போடியா.

பால்மாவு அனுப்பிய அதே உலகம்தான். ஆனால் இதில் ஒரு பிழைகூட இல்லை. வயது சரி, மொழி சரி, சம்பளப் பசி சரி. தமிழ் தெரியும் என்பதை ஒரு தகுதியாக மதித்து அவனிடம் வந்த முதல் வேலை விளம்பரமே இதுதான் என்று அவன் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022-ல் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் இப்படி விளம்பரம் பார்த்துப் போன மலேசிய இளைஞர்கள் கடப்பிதழைப் பறிகொடுத்து, மோசடி முகாம்களில் அடைபட்டு, அடி வாங்கிக்கொண்டு பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்த செய்திகளை நாம் எல்லோரும் படித்தோம். அவனும் படித்திருக்கிறான். "அது வேறண்ணே, இது கம்பெனி" என்றான்.

டிக்கெட், வீடு, சாப்பாடு. இந்த வரிசையை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. 1907-ல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகளிடம் தண்டல் செய்த பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் செலவு கொடுத்தார்கள். ஆளைப் பிடித்தது கங்காணி. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவனையே உரிமச் சீட்டோடு அவன் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் நிலம் போனது, எவன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு திண்ணையில் படுத்திருக்கிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இன்று விளம்பர நிறுவனங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களின் பட்டியலைக் கொடுத்து 'இவர்களைப் போன்றவர்களைத் தேடிக் கொடு' என்று இயந்திரத்திடம் கேட்கின்றன. கங்காணி செய்ததும் அதுதான். ஏற்கெனவே வந்தவனின் தம்பியை, மச்சானைத் தேடிப் போனான். கூலியும் ஆள் கணக்கில்தான். கொண்டுவந்த தலைக்கு இவ்வளவு; பிறகு அந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. ஒரு தட்டலுக்கு இவ்வளவு என்று இன்றைக்கு விளம்பரத்துக்குக் கட்டணம் வாங்குவதைப் புதுக் கண்டுபிடிப்பு என்கிறார்கள். எங்கள் பாட்டி சிரித்திருப்பார். மரத்தைச் சீவினால் காசு கொட்டும் என்று அவரிடம் யாரோ சொன்னதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1938-ல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. கங்காணியை நல்லவனாக்க நான் முயலவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு வாசல் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்ற முடிந்தது. என் அத்தை எந்த வாசலில் போய் நிற்பார்?

விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதில் இன்னொரு சங்கடம். எனக்குப் பிரதி வேண்டும். யாஸ்மின் அகமதுவின் பெட்ரோனாஸ் பண்டிகை விளம்பரங்களை நாடே ஒன்றாகப் பார்த்தது. தீபாவளி விளம்பரத்தில் நம்மை அவர் காட்டிய விதத்தைப் பற்றி அம்மாவும் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியும் வேலியில் நின்று பேசியது எனக்கு நினைவிருக்கிறது. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அது எல்லோர் முன்னாலும் இருந்தது, சண்டை போடலாம். அவர் 2009-ல் போய்விட்டார். இன்றைக்கு அத்தை மகனுக்கு வந்தது அவனுக்கு மட்டும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வரவில்லை. அவனும் விரலால் தள்ளிவிட்டான், போயிற்று. முகநூல் நிறுவனம் 2019 முதல் எல்லா விளம்பரங்களுக்கும் ஒரு 'விளம்பர நூலகம்' வைத்திருக்கிறது. ஆர்வமாகப் போய்த் தேடினேன். நம் பக்கத்தில் அரசியல் சாராத விளம்பரம் என்றால் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அங்கே இருக்கும், நின்றதும் மறைந்துவிடும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் எரித்துவிடுகிற நூலகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆக, மேலே நான் எழுதியிருக்கும் அந்த விளம்பரத்தின் வாசகங்கள் அவன் வாய்வழியாக எனக்கு வந்தவைதான்.

அவன் போகவில்லை. போகாததற்கு எங்கள் புத்திமதி காரணமில்லை. கடப்பிதழ் காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்க 200 வெள்ளி வேண்டும். அந்த மாதம் மோட்டாருக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது.

நாகப்பட்டினம், கப்பல் என்று இந்தக் கட்டுரைக்காகத் தேடியதில் எனக்கு இப்போது நாகப்பட்டினத்துக் கடலோர விடுதியும் சென்னைக்கு மலிவான ஒருவழி டிக்கெட்டும் காட்டுகிறார்கள். அத்தை மகனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கூப்பிட்டேன். "எனக்கு நேத்து இன்னொன்னு வந்துச்சுண்ணே, இந்தத் தடவ லாவோஸ்" என்றான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்திருக்கிறான்.